திரைக்கு முன்னால் நிற்கப்போகும் ஆசிரியரைப் பற்றி: வட மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், வன்னியின் வலயக் கல்விப் பணிப்பாளர்கள், கணித விஞ்ஞான பாட ஆசிரிய ஆலோசகர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

துணுக்காய், மடு, வவுனியா வடக்கு, முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் இப்போது ஒரே கதைதான். திறன் வகுப்பறை வருகுதாம், ஸ்மார்ட் போர்ட் வருகுதாம், மடிகணினி வருகுதாம். வரட்டும், நல்ல விசயம். வந்து இறங்கிய சாமானில் ஒரு சிமுலேஷனைத் திறந்து, தரம் 10 பிள்ளைக்கு ஓமின் விதியை எப்படி விளங்கப்படுத்துவது என்று அந்தப் பிள்ளையின் ஆசிரியருக்கு யார், எப்போது, எங்கே வைத்துக் காட்டித்தரப் போகிறீர்கள்? இந்த மடலில் நான் கேட்பது அதை மட்டும்தான். கட்டடம், தளபாடம், ஆளணி என்று தொடங்கினால் எழுதி முடியாது. அவற்றை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் வன்னியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், புதியவர் வராத தவணைகளில் கணிதமும் என் தலையில் விழும். இங்கே இது ஒன்றும் புதினமில்லை.

சிமுலேஷன் என்று நான் இங்கே எழுதுவது வீடியோவை அல்ல. வீடியோவைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்; சிமுலேஷனில் பிள்ளை கை வைக்கும். கம்பியை இழுத்து மின்கலத்தோடு பொருத்தலாம், தடையைக் கூட்டிக் குறைக்கலாம், ஊசலின் நூலை நீட்டலாம், அதே ஊசலை வியாழனின் ஈர்ப்பில் ஆடவிட்டும் பார்க்கலாம். இந்த வகையில் அதிகம் அறியப்பட்டது ஃபெட். 2001 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு வருடமே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அதைத் தொடக்கினார். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. அது 2001 இல் ஒஸ்திரியாவின் சல்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வாட்டர் தன் முதுமாணிப் படிப்புக்காகச் செய்யத் தொடங்கியது. இரண்டுமே பாடசாலைப் பாவனைக்கு இலவசம். ஃபெட்டின் இப்போதைய சிமுலேஷன்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோப்பு. ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் போட்டுவிட்டால், இணையமே இல்லாத பாடசாலையிலும் பிரவுசரில் திறக்கும். காட்டுக்கரைப் பாடசாலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி வகுப்புக்குள் வருவோம். தரம் 10, மின்சுற்று. ஒரு மடிகணினி, ஒரு மல்டிமீடியா புரொஜெக்டர், வெள்ளையடித்த சுவர். திரையில் ஒரு மின்கலம், தொடராக இரண்டு ஒரேமாதிரிக் குமிழ்கள், ஆளி திறந்தபடி. ஆளியை மூடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தக் குமிழ் பிரகாசமாக எரியும்? பெரும்பாலான பிள்ளைகள் முதலாவதுதான் என்பார்கள். "சேர், முதல் குமிழ் கரண்டைக் குடிச்சிடுமெல்லோ, மிச்சம்தானே மற்றதுக்குப் போகும்." இப்படி நம்பும் பிள்ளைகள் உலகத்தின் பல நாட்டு வகுப்பறைகளிலும் இருக்கிறார்கள் என்று மின்னியல் கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் எத்தனையோ முறை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆளியை மூடுகிறீர்கள். இரண்டும் ஒரே அளவில் எரிகின்றன. வகுப்பில் ஒரு சலசலப்பு.

கதை அதோடு முடியாது. அந்தச் சிமுலேஷன் கம்பிக்குள் இலத்திரன்கள் ஊர்வதைக் காட்டும். அவை மறை முனையிலிருந்து நேர் முனை நோக்கிப் போகும். பாடநூலில் மின்னோட்டத்தின் திசை அதற்கு எதிர். உடனே பின்வாங்கில் ஒருவன் எழும்புவான்: "சேர், அப்ப முதல் குமிழ் எண்டு நாங்கள் சொன்னது உண்மையில ரெண்டாவதெல்லோ?" அருமையான கேள்வி. மின்கலத்தை மற்றப் பக்கம் திருப்பிப்போடச் சொல்லலாம். அம்பியர்மானியை முதல் குமிழுக்கு முன்னும், இரண்டுக்கும் நடுவிலும், கடைசியிலும் வைத்து வாசிக்கச் சொல்லலாம். மூன்று இடத்திலும் ஒரே வாசிப்பு வரும். கரண்டைக் 'குடிக்கிற' கதை அங்கே உடையும். ஆனால் அந்தக் கேள்வி வருமென்று முன்னரே தெரியாத ஆசிரியர், அதுவும் விஞ்ஞானப் பட்டதாரி அல்லாத ஒருவர், "அதெல்லாம் உயர்தரத்தில படிப்பீங்கள், இப்ப கொப்பியில எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு மல்டிமீடியாவை நிற்பாட்டுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எந்த முனையில் எந்த வயர் செருகுவது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தோம். எந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

(அடுத்த ஐந்து நிமிடத்தில் யாராவது ஒருவன் மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் தொடுப்பான், மின்கலம் தீப்பற்றி எரியும், வகுப்பு முழுக்கக் கைதட்டும். அதற்கும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். குறுஞ்சுற்று என்றால் என்னவென்று பிறகு எந்தப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்தத் தேவையிராது.)

நமது பயிற்சிகள் எப்படி நடக்கின்றன என்பது எனக்குத் தெரிவதுபோல உங்களுக்கும் தெரியும். ஒரு மண்டபம். பல பாடசாலைகளிலிருந்து அழைத்த ஆசிரியர்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை. பத்து மணித் தேநீருக்குப் பிறகு வளவாளர் பவர்பொயின்ட்டில் '21ஆம் நூற்றாண்டுத் திறன்கள்' காட்டுவார். பிறகு அவர் சிமுலேஷன் ஒன்றைத் திறந்து தானே இழுத்துத் தானே வைத்துக் காட்டுவார், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். மத்தியானச் சாப்பாடு, கையொப்பம், குழுப்படம், சான்றிதழ். பிள்ளைகளின் கையில் கொடுக்கவேண்டியதை ஆசிரியரின் கையில்கூடக் கொடுக்காத செயலமர்வு அது. அங்கே கிடைத்த சி.டி.யைக் கவனமாக எடுத்துவைத்தவர்களும் உண்டு. அதில் இருந்தவை பிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தவை. பிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. அந்தச் சி.டி. இப்போது கத்தரித் தோட்டத்தில் குருவி விரட்டத்தான் உதவும்.

நீச்சலைக் கரையில் வைத்துப் படிப்பிக்க முடியாது என்பது குளத்தோரத்தில் வளர்ந்த வன்னிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆசிரியருக்குக் குளம் அவருடைய வகுப்பறைதான்.

கணிதத்தில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. வட்ட நாற்பக்கலை எடுங்கள். எதிர்க் கோணங்கள் மிகைநிரப்புகின்றன என்ற தேற்றத்தைக் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து சொன்னால், பிள்ளைக்கு அது அந்த ஒரு படத்தைப் பற்றிய சங்கதி. ஜியோஜீப்ராவில் வட்டத்தின் மேலுள்ள ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால், கோணங்கள் இரண்டும் மாறிக்கொண்டே போகும், கூட்டுத்தொகை அசையாமல் நிற்கும். பாடநூல் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இதைக் காட்ட அதனால் ஏலாது. ஆனால் இழுத்துக்கொண்டு போகையில் இரண்டு இடங்களில் ஆசிரியர் தடுக்கி விழக்கூடும். ஒன்று, இரு தசமதானத்துக்கு மட்டந்தட்டிக் காட்டும் கோணங்களைப் பிள்ளை தன்பாட்டில் கூட்டிப்பார்த்து, "சேர், 180.01 வருது" என்று சொல்வது. மற்றது, இழுக்கிற புள்ளி பக்கத்து உச்சியைத் தாண்டிப்போய் நாற்பக்கல் தன்னைத்தானே வெட்டிக்கொள்வது. அப்போது கூட்டுத்தொகை 180 ஆக இராது. இரண்டுமே பிழையல்ல. இரண்டும் வகுப்பை எங்கேயோ கொண்டுபோகக்கூடிய வாசல்கள். முதலாவதிலிருந்து மட்டந்தட்டலுக்குப் போகலாம். இரண்டாவதிலிருந்து ஒரே துண்டக் கோணங்களுக்குப் போகலாம். தயாராக வந்த ஆசிரியருக்கு அது பாடம். தயாரில்லாதவருக்கு மானப்பிரச்சினை.

இன்னொன்று. இழுத்துப் பார்ப்பது நிறுவல் ஆகாது. சாதாரண தரப் பரீட்சையில் நிறுவச் சொல்லித்தான் கேட்பார்கள், காரணம் எழுதச் சொல்லித்தான் கேட்பார்கள். ஆயிரம் நிலைகளில் 180 வந்ததைக் கண்ட பிள்ளையிடம் "எப்பவும் வருமெண்டு என்னெண்டு சொல்லுவாய்?" என்று கேட்டு, மையத்துக்கு ஆரைகளை வரையவைப்பதில்தான் கற்பித்தல் இருக்கிறது. திரையை எப்போது நிற்பாட்டிவிட்டுக் கொப்பிக்குத் திரும்புவது என்பதும் பயிற்சியில் வரவேண்டிய பாடமே. இதுவரை எந்தச் செயலமர்விலும் அதை யாரும் தொட்டதை நான் காணவில்லை.

சிலபஸ் முடியாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் ஆசிரியர்தான், 40 நிமிடப் பாடவேளையில் மல்டிமீடியாவைப் பூட்டிச் சரிசெய்யவே கால்வாசி போய்விடும். அதனால்தான் எல்லா அலகுக்கும் சிமுலேஷன் என்று ஆசைப்பட வேண்டாம் என்கிறேன். ஒரு தரத்துக்கு, ஒரு தவணைக்கு, பாடத்துக்கு இரண்டு போதும். பிள்ளைகள் வருடாவருடம் இடறும் இடங்கள் எவையென்று பெறுபேற்றுப் பகுப்பாய்வுகளில் நீங்களே பார்க்கிறீர்கள். பின்னங்கள், நேர்கோட்டு வரைபில் படித்திறனும் வெட்டுத்துண்டும், மின்சுற்று, இரசாயனச் சமன்பாடுகளைச் சமப்படுத்தல், வாயு அமுக்கம். இவை ஒவ்வொன்றுக்கும் நல்ல சிமுலேஷன் இருக்கிறது. y = mx + c இல் m ஐ மாற்றினால் கோடு சரிவதையும் c ஐ மாற்றினால் கோடு ஏறி இறங்குவதையும் பிள்ளை தன் விரலால் ஒருமுறை செய்து பார்த்தால், நான் நான்கு பாடவேளை தொண்டை கிழியக் கத்துவது மிச்சம்.

உண்மையான பரிசோதனைக்கு இது ஈடாகுமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். 2005 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் கொலராடோ ஆய்வாளர்கள் தங்கள் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் உண்மையான குமிழ், கம்பி, மானிகளோடு ஆய்வுகூட வேலை செய்தார்கள். மற்றவர்கள் திரையில் மட்டும் சுற்றுக்களைக் கட்டினார்கள். பிறகு எல்லாரிடமும் உண்மையான சுற்று ஒன்றைக் கட்டி விளக்கச் சொன்னபோது, திரையில் பழகியவர்கள்தான் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். என்றாலும் இதைக் காட்டி ஆய்வுகூடத்துக்குப் பணம் வேண்டாம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். திரையில் வரும் மின்கலம் கறள் பிடிக்காது, வயர் தளராது. பாலை மரக் கிளையில் நூலில் கல்லைக் கட்டி ஆட்டி, பத்து அலைவுகளுக்கு நேரம் எடுத்துப் பழகிய பிள்ளைதான் பிறகு திரையில் அந்த ஊசலை வியாழனுக்குக் கொண்டுபோகும்போது வாய்பிளக்கும். கல்லும் நூலும் முதலில், திரை பிறகு. அந்த ஒழுங்கையும் யாராவது ஆசிரியருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நம் இடத்தின் கதையையும் இதில் சேர்க்கலாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் மின்கலம் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் இது. மின்காந்தத் தூண்டலுக்கான ஃபெட் சிமுலேஷனில் தண்ணீர்க் குழாய் ஒன்று சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்திலுள்ள காந்தம் சுற்றும், சுருளோடு தொடுத்த குமிழ் எரியும். அதைத் திறப்பதற்கு முதல்நாள், வீட்டிலே அப்பப்பாவிடம் டைனமோக் கதை கேட்டு வரச்சொல்லலாம். வகுப்பு பாதி அங்கேயே நடந்துவிடும். கொலராடோவில் இருப்பவர்களுக்கு இந்த யோசனை வராது; வன்னி ஆசிரியருக்கு வரும், உட்கார்ந்து யோசிக்க அவருக்கு ஒரு மணித்தியாலம் கிடைத்தால்.

அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் உங்களிடம் கேட்பதில் முதலாவது. எங்கள் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் விடிய வெள்ளன யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வருகிறார்கள். ஒன்றரைக்கு மணி அடித்ததும் வாசலுக்கு ஓடாவிட்டால் அடுத்த பஸ் எப்போதென்று யாருக்கும் தெரியாது. பாடசாலை விட்ட பிறகு பயிற்சி, சனிக்கிழமை பயிற்சி என்று சுற்றறிக்கை அனுப்பினால் கையொப்பம் கிடைக்கும், மனம் கிடைக்காது. வாரத்தில் ஒரு பாடவேளையைப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே விடுவித்து, கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் ஒரு மேசையில் இருந்து அடுத்த கிழமைப் பாடத்தைத் தாங்களே பிள்ளைகள்போலச் செய்துபார்க்க விடுங்கள். பாடசாலை மட்ட வாண்மை விருத்தி என்ற பெயரில் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. பல இடங்களில் அது சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் மட்டும் நடக்கிறது.

அடுத்தது ஆசிரிய ஆலோசகர்கள். அவர்கள் மேற்பார்வைப் படிவத்தோடு வந்து பின்வாங்கில் இருந்து புள்ளியிட்டுப் போவதை விட்டு, ஒரு நாள் தாங்களே சோக்கைக் கையிலெடுத்து எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சிமுலேஷன் பாடம் எடுத்துக் காட்டட்டும். நாங்கள் பின்வாங்கில் இருந்து பார்க்கிறோம். பிறகு நாங்கள் எடுக்கிறோம், அவர்கள் பார்க்கட்டும். சில கிழமை கழித்துத் திரும்பி வரட்டும். இந்தத் திரும்பி வருதல்தான் எங்கள் பயிற்சிகளில் இல்லாதது. முதல் முறை எல்லாமே நன்றாகத்தான் நடக்கும். இரண்டாம் முறை தனியே செய்யும்போதுதான் கணினி உறைந்து நிற்கும், பிள்ளைகள் குழப்படி செய்வார்கள், ஆசிரியர் மனம்விட்டுப் போவார்.

அழைப்புக் கடிதம் யாருக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பின்தங்கிய பாடசாலைகளில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தாங்கிப்பிடிப்பவர்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், தொண்டர் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கலைப் பட்டதாரிகள் இருக்கிறார்கள். பாடத்தில் நம்பிக்கை குறைந்த அவர்களுக்குத்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆள் முதலில் தேவை. இடமாற்றத்துக்குக் காத்திருப்பவர் பயிற்சியைத் தன்னோடு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார். அதற்காக அவரைப் பிழை சொல்லவும் முடியாது. ஆகவே பாடசாலைக்கு ஒருவரை அனுப்பாமல் இருவரை அழையுங்கள். அதில் ஒருவர் அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவராக இருந்தால் நல்லது. தயாரித்த பாடக்குறிப்புகளும் கோப்புகளும் பாடசாலையின் சொத்தாக அங்கேயே கிடக்கட்டும்.

வளவாளர்களுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. பம்பைமடுவில், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள இறுதி வருட மாணவர்கள் தவணைக்கு ஒரு தடவை வந்து, பழைய கணினிகளில் பிரவுசரைப் புதுப்பித்து, கோப்புகளை ஏற்றித் தந்தாலே பெரிய உதவி. தமிழாக்கம் உள்ள சிமுலேஷன்களின் கலைச்சொற்களை நமது பாடநூலோடு ஒத்துப்பார்க்கும் வேலையை ஆசிரிய ஆலோசகர்கள் பங்குபோட்டுச் செய்யலாம். கல்வியியற் கல்லூரி ஆசிரிய பயிலுனர்களோ, கட்டுறுப் பயிலுனராகப் பாடசாலைக்கு வரும் வருடத்திலேயே இதைக் கையில் எடுத்துக்கொண்டு வரலாம்.

கணினி அறையின் திறப்பைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பல பாடசாலைகளில் அது தகவல் தொழில்நுட்ப ஆசிரியரின் கைப்பையில் இருக்கும். அவர் லீவு என்றால் அறையும் லீவு. பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பூட்டிவைத்தே பழுதாகிப்போன கணினிகள் எத்தனை என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். பாவனையில் பழுதான பொருளுக்கு ஆசிரியரிடம் விளக்கம் கேட்பதில்லை என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், அது ஒரு செயலமர்வுக்குச் சமன். ஸ்மார்ட் போர்டில் மார்க்கர் பேனையால் எழுதி, பிறகு தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த வகுப்பறையை நான் கண்டிருக்கிறேன். எழுதியவருக்கு அதைப் பாவிக்க யாரும் காட்டவில்லை. நாடா வெட்டிப் படம் எடுத்ததோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

2007 இல் பாடத்திட்டம் மாறியபோது, ஆங்கிலத்தில் E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகளைக் கொண்ட 'ஐந்து ஈ' கற்பித்தல் முறை வந்தது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஆசிரியர் வழிகாட்டிகளில் அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். கண்டறிதலுக்கு வகுப்பில் சாமான் இல்லாதபடியால் நாங்கள் நேரே விளக்கத்துக்குத் தாவிப் பழகிவிட்டோம். அந்த இடைவெளியை நிரப்ப இப்போது ஒரு பென் டிரைவ் போதும் என்ற நிலை வந்திருக்கிறது. புதிய சீர்திருத்தம், மொடியூல் என்று மறுபடியும் பேச்சு அடிபடும் இந்த நேரத்தில், ஆசிரியரைத் தயாராக்கும் செலவைப் பாதீட்டின் கடைசி வரியில் போட்டுவிடாதீர்கள். ஒரு ஸ்மார்ட் போர்டின் விலையில் ஒரு கோட்டத்தின் கணித, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு எவ்வளவு செய்யலாம் என்று உங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

அடுத்த தவணைக்கான வலய வேலைத்திட்டத்தை விரைவில் எழுதத் தொடங்குவீர்கள். அதற்கு முன் எந்த வலயத்திலிருந்தாவது ஒரு ஆசிரிய ஆலோசகர் எங்கள் பக்கம் வரட்டும். தரம் 10 விஞ்ஞானம் புதன்கிழமைகளில் இரண்டாம், மூன்றாம் பாடவேளை. இரட்டைப் பாடவேளை என்றபடியால் நேரம் தாராளம். மல்டிமீடியாவை நான் முதல் பாடவேளையிலேயே பூட்டி வைக்கிறேன். மின்வெட்டு என்றால் கல்லும் நூலும் இருக்கிறது.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்